நாலாவது அடிக்கு முன்னால்

பீரோவில் ஒரு வெள்ளைச் சட்டை கூட இல்லை. செல்வமேரி மூன்றாவது முறையாகத் துழாவிப் பார்த்தாள். தொங்கியதெல்லாம் பூப்போட்டது, கட்டம் போட்டது, வெளிச்சம் பட்டால் மினுக்குகிற சாட்டின் துணியில் தைத்தது. ஒவ்வொன்றுக்கும் நாய்க் காது மாதிரி காலர். கீழ்த்தட்டில் நான்கு பெல்பாட்டம். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்தில் இதையெல்லாம் மடிப்புக் கலையாமல் அடுக்கி, நடுநடுவே அந்துருண்டை வைத்துக் காப்பாற்றியிருக்கிறான் மனுஷன்.

அந்த மனுஷன் முன்னறைக் கட்டிலில் கிடந்தான். தாடையைச் சுற்றிக் கட்டு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. யேசுதாசன், அவள் தம்பி, வயது ஐம்பத்து நாலு. நேற்று மத்தியானம் தாம்பரம் ரயில் ஷெட்டில் நெஞ்சு அடைக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இன்று மூன்று மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. பெட்டி வந்துவிட்டது. போட்டு அனுப்ப ஒரு சட்டைக்குத்தான் வழியில்லை.

"இந்த மஞ்சப்பூ போட்டது நல்லாத்தான்கா கீது" என்றாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா. "கிறிஸ்மஸுக்கு அண்ணன் இத்த போட்டுகினு நின்னாரு பாரு, ராசா கணக்கா."

"சர்க்கஸ் ராஜா. உங்க வீட்டுக்காரரோட வெள்ளைச் சட்டை ஒண்ணு கொண்டா. திரும்பி வராதுன்னு சொல்லிடு."

கன்னியம்மா போனாள். செல்வமேரி பீரோவைச் சாத்தினாள். ரிட்டயர் ஆகிற வரை முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலர் பட்டனைப் போடச் சொல்லிக் கொடுத்தவள் அவள். சொந்தத் தம்பிக்கு மேல் பட்டன் இரண்டு இருக்கிற சங்கதியே தெரியாது.

பத்து மணிக்கு அவனுடைய கூட்டாளிகள் வந்து சேர்ந்தார்கள். ஜெயவேலுவும் தோத்தாத்ரியும். எழுபதுகளில் இந்த மூன்று பேரும் சேர்ந்து 'சில்வர் தண்டர்' என்று ஒரு கோஷ்டி வைத்திருந்தார்கள். ரயில்வே கிளப்பில் ஆட்டம், கல்யாண வீட்டில் கச்சேரி. அதில் வெள்ளியும் கிடையாது, இடியும் கிடையாது என்பது செல்வமேரியின் கருத்து. யேசுதாசன் ட்ரம், மற்ற இருவருக்கும் அவன்தான் 'வாத்தியார்'. ஜெயவேலு பாட்டுக்காரன், மாடம்பாக்கத்தில் அப்பன் உழுத நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு இப்போது டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். ஐம்பது வயசுக்கு அடித்த தலைச் சாயம் வியர்வையில் இறங்கிக் கிருதாவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. தோத்தாத்ரி பாங்க் ஆபீசர். நெற்றியில் மெல்லியதாக ஸ்ரீசூர்ணம், விரல்நுனியில் கிடார்க் கம்பி அறுத்த காய்ப்பு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிக் குடியிருக்கின்றன என்று அவளுக்கு இருபது வருஷமாகப் புரிந்ததில்லை.

இருவரும் பந்தலில் உட்கார்ந்து, சாவு வீடு என்றும் பார்க்காமல் வழக்கை ஆரம்பித்தார்கள். ராக் வேறு, பாப் வேறு, டிஸ்கோ முற்றிலும் வேறு என்று தோத்தாத்ரி விளக்க, இந்தக் காலத்துக் காலேஜ் பிள்ளைகள் கூட பழைய டிஸ்கோ ரெக்கார்டைத்தான் யேசுதாசனிடம் இரவல் வாங்கிப் போனார்கள் என்று ஜெயவேலு சாட்சி சொன்னான். டிஸ்கோ செத்துப்போச்சு என்று எழுதின பத்திரிகைகள்தான் செத்துப்போயின, அது சாகவில்லை என்று தோத்தாத்ரி முடித்தார். டீ கொடுக்க வந்த செல்வமேரி அவ்வளவையும் கேட்டாள். ராக்காம், பாப்பாம், டிஸ்கோவாம். தகர டப்பாவுக்கு மூன்று பெயர்.

ஜெயவேலு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கல்லறையில ஒரே ஒரு பாட்டு. ரெண்டு நிமிசம். வாத்தியாருக்கு நாங்க வேற இன்னா செய்யப் போறோம்?"

"இருபது வருஷமா அவன் காதுல அடிச்சது பத்தலையா?"

"அவருதான்கா எங்க காதுல அடிச்சாரு."

தோத்தாத்ரிக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது.

"இன்னைக்கு ஒரு நாளாவது அவன் சத்தமில்லாம போகட்டும்" என்றாள் செல்வமேரி. "கோயில் பாட்டு, கோயில் ஜெபம். மரியாதையா அடக்கம் பண்ணணும். ட்ரம் சத்தம் ஒண்ணு கேட்கக் கூடாது. அப்புறம், பின்னறையில இருக்கிற சாமானையெல்லாம் சாயங்காலம் வண்டி கொண்டாந்து எடுத்துட்டுப் போயிடுங்க. நாளைக்கு அது என் வீட்டுல இருக்கப்படாது."

ஜெயவேலு உட்கார்ந்து தம்ளரை எடுத்தான். டீயில் ஆடை கட்டியிருந்தது.

அவள் அப்படிச் சொன்னதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. எழுபத்தைந்தில் ஈஸ்டர் ஞாயிறு. செல்வமேரி கோயில் கொயரில் ஆர்மோனியம். தபேலாவுக்கு ஆள் வராததால் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் தபேலாவுக்குப் பதில் தன் ட்ரம்மில் ஒன்றையும் ஒரு பித்தளைத் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். காணிக்கைப் பாட்டு இரண்டாவது அடிக்கு வருவதற்குள் அது கிளப் பாட்டு ஆகிவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் இடுப்பை ஆட்டின. அவள் ஆர்மோனியத்தைப் பாதியில் நிறுத்தி எழுந்துபோய், முழுக் கோயிலும் பார்க்க அவன் கையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கினாள். அவன் சிரித்தான். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கோயிலுக்குள் வரவில்லை. மதிலோரம் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று பூசை பார்த்தான். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரும்புலியூரில் அப்பா கட்டின இந்த வீட்டில் முன்னறை அவளுக்கு, பின்னறை அவனுக்கு. நடுவில் ஒரு தேக்குக் கதவு. பால், காஸ், கரண்ட் பில், இவற்றைத் தவிரப் பேச்சு கிடையாது. சாயங்காலம் ஆறரைக்கு அவன் ட்ரம்மின் முன் உட்காருவான். அவள் எழுந்துபோய் அந்தக் கதவை வீடு அதிரச் சாத்துவாள். பதினெட்டு வருஷம், நாள் தவறாமல்.

மூன்று மணிக்குக் கோயிலில் கூட்டம் சேர்ந்தது. ஷெட்டிலிருந்து ஐம்பது பேர், தெருக்காரர்கள், கடைசி வரிசையில் ஜெயவேலுவும் தோத்தாத்ரியும். கன்னியம்மா புருஷனின் சட்டை யேசுதாசனுக்குத் தோளில் தொளதொளவென்றிருந்தாலும் வெள்ளையாக இருந்தது. செல்வமேரி முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பி ஒருவழியாக வரிசையில் வந்துவிட்டான்.

ஆர்மோனியம் இப்போது கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ துபாய்க்காரர் காணிக்கையாகக் கீபோர்டு கொடுத்தார். அதோடு செல்வமேரி விலகிக்கொண்டாள். அவள் இடத்தில் கிருபா உட்கார்ந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷ வேலை. பாட்டும் அப்படித்தான், லைன் கிடைத்தால் கிடைக்கும். அந்தக் கீபோர்டில் தாளத்துக்கென்று ஒரு வரிசைப் பொத்தான்கள் உண்டு. எதை அழுத்தினாலும் உள்ளே இருந்து தானாக ட்ரம் அடிக்கும். முந்தின நாள்தான் பள்ளிக்கூட ஆண்டு விழா நடனத்துக்கு அதை இரவல் வாங்கிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். என்ன தாளத்தில் விட்டுப் போனார்கள் என்று கிருபா பார்க்கவில்லை.

காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரி ஒழுங்காகப் போயிற்று. பக்கத்தைப் புரட்டும்போது கிருபாவின் கட்டைவிரல் எங்கோ பட்டிருக்க வேண்டும். டும் டும் டும் டும் என்று கிளம்பியது.

அசல் டிஸ்கோ.

கிருபா ஒரு கையால் பாட்டை வாசித்துக்கொண்டு மறு கையால் பொத்தான்களைத் தேடினாள். ஒன்றை அழுத்தினாள், தாளம் இன்னும் வேகமானது. ஃபாதர் பீடத்தில் கையை விரித்தபடி நின்றார். கொயர் தடுமாறியது, அப்புறம், அதைவிடக் கேவலம், தாளத்தைப் பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்காரர் ஒருவரின் தலை ஆடியது. நாலாவது பெஞ்சில் ஒரு கிழவியின் செருப்பு தரையைத் தட்டியது. அந்தச் சத்தத்தின் கேடே அதுதான். கூப்பிடாமலே உள்ளே வரும், வந்தால் எழுந்து போகாது.

இதைத்தானே கேட்டார்கள், கிடைத்துவிட்டது என்று செல்வமேரி திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். ஜெயவேலுவின் பல் தெரியும் என்று எதிர்பார்த்தாள். ஜெயவேலு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். தோத்தாத்ரி பல்வலிக்காரர் போலக் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். ஜெயவேலு அவள் பார்ப்பதைப் பார்த்தான். மெல்ல, இது அது இல்லை என்பது போல், தலையை ஆட்டினான்.

அவளுக்கும் அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாம் ஒரே அளவு, ஆணி அடிக்கிற மாதிரி.

அவள் எழுந்தாள். பழைய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுபத்தைந்தைப் பார்த்தவர்கள் அங்கே இன்னும் இருந்தார்கள். அவள் நேரே போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். பாட்டும் தாளமும் சேர்ந்து நின்றன.

"மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றாள் கிருபா. "டிஸ்கோவுல இருந்திருக்கு, நான் கவனிக்கல."

"டிஸ்கோ இப்படியா இருக்கும்? நாலாவது அடிக்கு முன்னால ஒரு மூச்சு இழுத்துப் பிடிக்கணும். அப்புறம் விடணும். இது மாவு மில்லு."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. கிருபா வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தாள். செல்வமேரி பிளக்கைக் கீழே போட்டுவிட்டு, கொயரைப் பார்த்து, மீதியைப் பாடுங்கள் என்று கையைக் காட்டினாள். வாத்தியம் இல்லாமல் பாடி முடித்தார்கள்.

கல்லறையில் யாரும் எதுவும் வாசிக்கவில்லை. ஜெயவேலு மூன்று கை மண் போட்டான். மற்றவர்கள் போட்ட மாதிரிதான் போட்டான்.

வீட்டுக்கு வந்து குளித்து, கன்னியம்மா கொண்டுவந்த காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது ஆறு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. ஜெயவேலு மட்டும் இறங்கினான்.

"மாவு மில்லுன்னு சொன்னியாமேக்கா."

"உனக்கு யார் சொன்னது?"

"கோயிலே சொல்லிகினு கீது."

செல்வமேரி பின்னறை விளக்கைப் போட்டாள். ட்ரம் செட்டின் மேல் பழைய போர்வை. பித்தளைத் தட்டு மட்டும் தன் கம்பத்தில் உயரமாக, மூடாமல் நின்றது. ஜெயவேலு போர்வையை எடுக்கவில்லை. நடுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கதவுதானா?"

"எந்தக் கதவு?"

"நாங்க இங்க வந்தா ரெடியா குந்திகினு இருப்போம். எட்ரா வாத்தியாரேன்னா எடுக்க மாட்டாரு. இருடா, அக்கா சாத்தட்டும்பாரு. நீ டமால்னு சாத்துவே. அதுதான் எங்களுக்கு ஒன் டூ த்ரீ. நீ ஊருக்குப் போயிட்ட அன்னிக்கு அவரு வாசிக்கவே மாட்டாருக்கா. இன்னிக்கு செட் சேராது, கௌம்புங்கடான்னுடுவாரு."

வெளியே தாம்பரம் ரயில் ஒன்று போயிற்று.

"உளறாதே" என்றாள் அவள்.

அவன் குனிந்து பெரிய ட்ரம்மில் கை வைத்தான்.

"இன்னைக்கு வேணாம்."

"நீதானேக்கா சாயங்காலமே எடுன்னே?"

"மழை வர்ற மாதிரி இருக்கு. உன் ஓட்டை வண்டியில வச்சு நனைச்சுத் துருப்பிடிக்க விடுவே. அப்புறம் அந்தப் பேச்சும் எனக்கு. போயிட்டு அப்புறமா வா."

ஜெயவேலு வெளியே வந்து வானத்தைப் பார்த்தான். துளி மேகம் இல்லை. "சரிக்கா" என்று வண்டியில் ஏறினான்.

செல்வமேரி காப்பித் தம்ளரைக் கழுவி வைத்தாள். கட்டில் காலுக்கடியில் கிடந்த பூவைக் கூட்டி அள்ளினாள். சுவர்க் கடிகாரம் ஆறரையைத் தொட்டது. அவள் எழுந்துபோய் நடுக் கதவின் பிடியைப் பிடித்து, எப்போதும் சாத்துகிற மாதிரியே சாத்தினாள். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

அந்தப் பக்கம், அதிர்ச்சியில் பித்தளைத் தட்டு மெல்லியதாக ரீங்கரித்தது. அது அடங்கி ஓயும் வரை அவள் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.