கண்முன்னே நெய்தது

நான் கோபக்காரி என்று கொழும்புத்துறை முழுக்கத் தெரியும். நான்கு தறியையும் நான்கு பெண்களையும் வைத்துக் கைத்தறிக் கடை நடத்துகிறவள் சாந்தசொரூபியாக இருந்தால் கடைக்கு எப்போதோ பூட்டு விழுந்திருக்கும்.

பட்டணத்துப் புது ஹோட்டல் ஒன்று மாதம் இருபது சேலை எடுப்பதாகச் சொன்னது. பதிலுக்கு ஒரு தறியும் நெய்கிற ஆளும் அவர்களுடைய முன் மண்டபத்தில் இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கள் ஆட்கள் பார்ப்பார்களாம். அந்த இருபது சேலையை நம்பித்தான் மற்ற மூன்று பெண்களையும் நிறுத்தாமல் வைத்திருந்தேன். என்னிடமிருந்த கெட்டிக்காரி கேதீஸ்வரியைத் தறியோடு அனுப்பினேன்.

மூன்று வாரமாயிற்று. ஒரு சேலைகூட எடுக்கவில்லை. பொறுமை கெட்டு, ஓட்டோ பிடித்து நேரே போனேன்.

கேதீஸ்வரி தறியில் குனிந்திருந்தாள். நெய்ததை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை, பிழை விட்டிட்டியே?”

“இல்லையக்கா. சேலை முடிஞ்சால் புதுப் பாவு நூல் கட்டுமட்டும் தறி சும்மா நிக்குமாம், வாற ஆக்களுக்குக் காட்ட ஏலாதாம். பின்னேரம் அவிழ்த்துப்போட்டு விடியத் திரும்ப நெய்யட்டாம். மூண்டு கிழமையா இதுதான் வேலை. உங்களிட்டைச் சொன்னால் ஓடர் போயிடுமெண்டு பயந்திட்டன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்திலே அவர்களுடைய கடை. மெஷினில் நெய்த சேலைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மட்டை தொங்கியது: ‘உங்கள் கண்முன்னே, கையால் நெய்தது.’ ஊரை அடித்து உலையில் போடுவது என்பார்களே, அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கனடாவிலிருந்து வந்திருந்த மிரியம் என்ற பெண் அதில் ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு தறியடிக்கு வந்தாள்.

“அக்கா, இது நீங்கள் நெய்ததோ?”

ஹோட்டல் முகாமையாளர் டினேஸ் முந்திரிக்கொட்டையாக முந்திக்கொண்டார். “ஓம் ஓம், உவதான் நெய்தவ.”

கேதீஸ்வரி என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் ஓடர் போய்விடும், மற்ற மூன்று பெண்களுடைய வேலையும் போய்விடும். நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். ஊரெல்லாம் கோபக்காரி என்கிற நான்! இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கேதீஸ்வரி காலடியில் குவிந்து கிடந்த நூலைக் காட்டினாள். “நான் நெய்தது இந்தா கிடக்கு, தங்கச்சி.”

மிரியத்துக்கு முகம் மாறிவிட்டது. சேலையை டினேஸின் கையில் திணித்தாள்.

“ஒருத்தியின்ரை கை பட்டது எண்டுதானே வாங்க வந்தனான். மெஷின் சேலை கனடாவிலையும் கிடக்கு.” அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

டினேஸ் என் பக்கம் திரும்பினார். “பியாட்றிஸ் அன்ரி, ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. தறி நிக்கட்டும். படமெடுக்க அது காணும், ஆள் தேவையில்லை.”

கேதீஸ்வரி கத்தரிக்கோலை எடுத்து, தறியில் நீளவாட்டில் கட்டியிருந்த பாவு நூலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெட்டினாள். ஒரு முழுச் சேலைக்கான பாவு அது.

திங்கட்கிழமை மற்ற மூவருக்கும் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. தறியின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

“தூக்கடி,” என்றேன்.