நாற்காலியைச் சுற்றும் கால்

முதுகில் ஆபரேஷன் முடிந்து அண்ணி வீடு திரும்பியபோது வலி போயிருந்தது. கூடவே வலது பாதத்தைத் தூக்கும் சக்தியும் போயிருந்தது. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்ததால் வந்த வினை, சக்தி திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பாதம் ஈரத்துணி போலத் தொங்கியது. விரல்கள் தரையில் இடறாமல் இருக்க, ஒவ்வோர் எட்டுக்கும் அண்ணி முழங்காலை உயரத் தூக்கி வைத்தாள்.

"சமதரையிலேயே மாடி ஏறுறியே," என்றான் அண்ணன். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நானும் அண்ணியும் ஒரே பார்லரில் வேலை செய்கிறோம். நான் வாசலில் ஃபோன் எடுத்து நேரம் குறித்துக் கொடுப்பவள். அண்ணி முடி வெட்டுபவள். பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் கத்தரிதான் தெரியும். எனக்கு அவள் கால் தெரியும். நாற்காலியைச் சுற்றிப் பக்கவாட்டில் நகர்வாள். ஓரடி பின்வாங்கிக் கண்ணாடியில் பார்ப்பாள். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பிடரியில் வெட்டு நேராக விழுந்திருக்கிறதா என்று கண்மட்டத்தில் பார்ப்பாள். நாள் முழுக்க இதே ஆட்டம்தான்.

பார்லர் முதலாளியம்மா ஒருநாள் பழங்களோடு பார்க்க வந்தார். "கல்லாவுல உட்கார்ந்துக்கோம்மா. நிக்கவே வேண்டாம்," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"செருப்புக்காக யாராவது காலைத் தறிப்பாங்களாம்மா? கை நல்லாத்தானே இருக்கு. கொஞ்சம் டைம் குடுங்க, ஒரு கை பார்த்துடறேன்," என்றாள் அண்ணி.

"ஒரு கை இல்ல, ஒரு கால்," என்றான் அண்ணன். இந்த முறை எல்லோருமே சிரித்தோம்.

தொங்கும் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் செய்பவரின் அறையில் எங்கு பார்த்தாலும் அளவுக்காக வார்த்த மாவுக்கட்டுக் கால்கள். அவர் ஏப்ரனிலும் வெள்ளைத் திட்டுகள். மாதிரிக்கு இரண்டு பிரேஸ்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று ஒல்லியானது. கெண்டைக்காலின் பின்னாலிருந்து உள்ளங்கால் வரை ஒரே பிளாஸ்டிக் தகடு, வளையாது. இன்னொன்று தடித்தது. கணுக்காலின் இருபுறமும் கீல் வைத்தது, பெரிய ஷூதான் போட முடியும்.

"முதல்ல உள்ளது போதும். பேன்ட்டுக்குள்ள இருந்தா யாருக்கும் தெரியாது," என்றான் அண்ணன். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. அண்ணி அதை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். பாதம் தொங்கவில்லை. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு நாற்காலி கிடைக்குமா?" என்று கேட்டாள் அண்ணி.

"களைப்பா இருக்காம்மா?"

"இல்ல. சுத்தி வரணும்."

என்னை உட்கார வைத்தாள். வெறும் விரல்களையே கத்தரியாக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்தாள். பிடரியைப் பார்க்கத் தாழ்ந்தபோது தகடு மடங்க மறுத்து, குதிகாலைத் தூக்கிவிட்டது. பொத்தென்று என் தோளில் வந்து சாய்ந்தாள். கீல் வைத்ததை மாட்டி மறுபடி செய்தாள். முழங்கால் முன்னால் போனது, குதிகால் தரையிலேயே நின்றது.

"எல்லாரையும் நேரா நடக்கச் சொல்லித்தான் பார்ப்பேன். இனிமே என்ன வேலைன்னும் கேட்கணும்," என்றார் பிரேஸ் செய்பவர்.

அண்ணன் தயங்கினான். "இது பளிச்சுனு தெரியுமே."

"தெரியட்டுங்க. கண்ணாடியில அவங்கவங்க முகத்தைப் பார்க்கத்தான் வராங்க, என் காலை இல்ல."

அளவெடுத்துச் செய்த பிரேஸ் வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. காலுறையில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் கல் போலக் குத்தியது. கணுக்கால் எலும்பின்மேல் சிவந்த தடம், கழற்றி வெகுநேரமாகியும் மறையவில்லை. மறுபடி அந்த மாவுக்கட்டு அறைக்குப் போனோம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பழகாம நான்தான் பிரேஸைக் குறை சொல்றேனோ என்னமோ," என்றாள் அண்ணி.

அவர் தடத்தைத் தொட்டுப் பார்த்தார். "இல்லம்மா. இங்க கூடம்தான் கோணல்." சூடான காற்றை ஊதி பிளாஸ்டிக்கை இளக்கி, அந்த இடத்தை வெளியே தள்ளிவிட்டார். பிரேஸால் வலது கால் சற்று உயர்ந்திருந்ததால், இடது ஷூவுக்குள்ளும் ஒரு அட்டை வைத்துக் கொடுத்தார். இடுப்பு சமமானது.

வீட்டில் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் தலையணையை நிறுத்திவைத்து அதற்கு முடி வெட்டுவதுபோலப் பழகினாள். ஒருநாள் பின்வாங்கும்போது பாய் விளிம்பு தட்டி விழுந்தாள். நாங்கள் ஓடினோம்.

"தூக்காதீங்க! எப்படி எழுந்திருக்கறதுன்னு நானே பழகணும்."

அண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணி புரண்டு, மண்டியிட்டு, நாற்காலியைப் பற்றி, நல்ல காலை ஊன்றி எழுந்தாள். முகம் வியர்த்து வழிந்தது. "பாயை எடுத்துடுங்க," என்றாள். பிறகு தலையணையிடம் போய், விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள். இந்த மனுஷியிடம் அழுத்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். இவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது.

பார்லருக்குத் திரும்பிய முதல் நாள் பேங்க் மேடம் வந்தார். அண்ணியைத் தவிர வேறு யாரிடமும் தலை கொடுக்காதவர். பேன்ட்டுக்கு வெளியே பிரேஸின் பட்டை கட்டியிருந்ததைப் பார்த்து, "ஐயோ, காலில என்னம்மா?" என்றார்.

"பிளாஸ்டிக்கும் இரும்பும். தலையை ஆட்டாதீங்க மேடம்."

நகர்ந்தாள், பின்வாங்கினாள், தாழ்ந்தாள். கீல் 'டிக்' என்றது. எழுந்தாள். நான் ஃபோனைக் காதில் வைத்தபடி மறுமுனையில் யார் என்று கேட்க மறந்து நின்றேன்.

முதலில் அரை நாள்தான் தாங்கியது. மெல்ல முழு நாளானது. பாதத்துக்குச் சக்தி திரும்பவில்லை, இனித் திரும்பாது என்கிறார்கள். மாலையில் பிரேஸைக் கழற்றும்போது இன்றும் ஒரு பெருமூச்சு விடுகிறாள்.

நேற்று நாங்கள் நிறுத்தத்தை நெருங்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது. ஓடலாமா என்று அவளைப் பார்த்தேன். "போகட்டும் விடு, அடுத்தது வரும்," என்று கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். கால் வலிக்கிறதா என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள், முன்னால் நின்ற பெண்ணின் தலையைக் கண்ணால் காட்டி என் காதருகே குனிந்தாள்.

"யாரோ அவசரத்துல வெட்டியிருக்காங்க, பாவம். இடது பக்கம் ஒரு விரல் இறக்கம்."