கூடக் கொஞ்சம் சேர்த்து

வங்கிக் கவுண்டர் கண்ணாடியின் கீழ்ச் சந்து வழியாகச் சுமன் தள்ளிய பணக்கட்டை, எண்ணிக்கூடப் பார்க்காமல் திரும்பத் தள்ளினார் அந்த மிஸ்.

“அப்பாவுக்கு என்னாச்சு? இருபத்தஞ்சாம் திகதின்னா மழை பேஞ்சாலும் வந்துருவாரே.”

“நெஞ்சுல கட்டி, மிஸ். நேத்து ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்காரு. மிச்சத்த மொத்தமா கட்டி முடிச்சிட்டு வாடான்னு அனுப்பிட்டாரு.”

மிஸ் பக்கத்து இருக்கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நான் சொன்னதா வெளிய சொல்லிராதீங்க. இந்தக் கடனுக்கு இன்சுரன்ஸ் இருக்கு. கடன் எடுத்தவரு எறந்துட்டா மிச்சத்த அவங்க கட்டிருவாங்க. வீட்டு உறுதிப் பத்திரம் உங்க கைக்கு வந்துரும். ஆனா இன்னைக்கு நீங்க கட்டினா கட்டினதுதான். ஒரு சதம் திரும்ப வராது.”

“அப்போ... நான் என்ன பண்றது, மிஸ்?”

“பொறுங்க,” என்றார் அவர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எதற்குப் பொறுப்பது என்று சுமனுக்கு விளங்கவே ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் காது சுட்டது. அப்பன் சாகும்வரை பொறு என்று ஒருத்தி சொல்கிறாள், அதை நல்ல மனதோடுதான் சொல்கிறாள். இதற்கு யாரோடு போய்ச் சண்டை போடுவது? பணத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு நடந்தான்.

அது பதினைந்து வருடக் கடன். அப்பா மாயாண்டி அதை ஒன்பதே வருடத்தில் முடிக்கக் கிளம்பிய மனிதர். தேயிலை ஃபெக்டரியில் வேலை. மாதத் தவணையைக் கட்டிவிட்டு, மேற்கொண்டு ஆயிரமோ இரண்டாயிரமோ நீட்டுவார். “இத அசல்ல கழிங்க. அடுத்த மாசத்துக்குன்னு போட்டுறாதீங்க” என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு மாதமும் சொல்வார். வட்டிக்காரன் ஏமாந்துபோனால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். டிக்கோயாவில் எட்டு பேர்ச் காணி, இரண்டு அறை, தகரக் கூரை. அவர் பரம்பரையில் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவுக்கு வெளியே கதவு வைத்த முதல் ஆள் அவர்தான். அதற்காகக் குடும்பமே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியது. ஸ்கேன் எடுக்கக் கண்டிக்குப் போங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாதம், அதற்கு வைத்திருந்த பத்தாயிரத்தையும் அசலில்தான் கழித்தார். அதை நினைத்தால் சுமனுக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

இப்போது சட்டைக்குள் இருந்த இரண்டு இலட்சத்துப் பன்னிரண்டாயிரமும் அம்மாவின் சேமலாப நிதி. முப்பத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த கை கடைசியாகக் கண்ட காசு. அதை எண்ணிப் பார்க்கக்கூட இல்லாமல் பேச்சியம்மா மகனிடம் கொடுத்திருந்தாள்.

பஸ்ஸில் அவன் கணக்குப் போட்டான். எல்லாம் முடிந்தபிறகு, வங்கி திருப்பித் தந்தது என்று சொல்லி அம்மா கையில் வைத்துவிடலாம். அதற்கு முதலில் எல்லாம் முடியவேண்டும். அப்பன் எப்போது சாவான் என்று பார்த்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த தன்னை அவனுக்கே பிடிக்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது.

“கட்டிட்டியா?”

“கட்டிட்டேம்ப்பா.”

“சீட்டு?”

மனிதர் சாகிற நேரத்திலும் ரசீதுதான் கேட்டார். பாஸ் புத்தகத்துக்குள் போன மாதச் சீட்டு இருந்தது. சுமன் அதை எடுத்து அவர் விரல்களுக்கிடையில் வைத்தான். அவருக்குக் கண்பார்வை மங்கி இரண்டு நாளாகியிருந்தது. பேச்சியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தங்கை நிலக்ஷி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

“வாசி.”

சுமன் இன்றைய திகதியை வாசித்தான். இல்லாத தொகையை வாசித்தான்.

“மிச்சம்?”

“ஒண்ணுமில்லப்பா. சைபர்.”

“இன்னொருக்கா சொல்லு.”

“சைபர்ப்பா.”

மாயாண்டியின் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய நேரமானது. “ஆறு வருசம் மிச்சம் புடிச்சோம் பாத்தியா, பேச்சி,” என்றார். பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுமனுக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு, பால் விட்ட தேத்தண்ணி கேட்டு, அது வருமுன் அவர் போய்விட்டார். சுமனுக்கு முதலில் வந்தது அழுகையில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. பிறகுதான் அழுதான், அந்த மூச்சுக்கும் சேர்த்து.

சவப்பெட்டிக்குக் காசில்லை. பேச்சியம்மா காதுத் தோட்டின் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒரு பக்கம் கழன்றுவிட்டது.

“வேணாம்மா,” என்றான் சுமன். “எங்கிட்ட இருக்கு.”

“ஒங்கிட்ட ஏதுடா?”

“மொதலாளி குடுத்தாரு. வரும்போது கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

கொழும்பில் அவன் வேலைசெய்யும் துணிக்கடை முதலாளி, லீவு கேட்டதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர். பேச்சியம்மா அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள். பெட்டி, பந்தல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அறுபதாயிரம் ஆனது. தன் காசிலேயே தன் புருஷனுக்குப் பெட்டி வாங்குகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் பிற்பகல் பெட்டியைத் தூக்குமுன் தோட்டத் தலைவர் அழகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கால்மாட்டில் வந்து நின்றார். தோட்டத்தை விட்டு வந்தாலும் அவர்கள் லயத்து வழக்கத்தை யாரும் விட்டு வரவில்லை. செத்தவர் பேரில் கடன் இருந்தால் பெட்டி எழும்புமுன் ஒருவர் அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். அவர் காலைத் தொட்டு ஏற்றுக்கொள்ளவேண்டும். ஏற்றுக்கொண்டவர் வாக்கு மாறினால், போனவர் வழியில் நிற்பார் என்பார்கள்.

“மாயாண்டி யாருக்காச்சும் குடுக்கணுமா? இருந்தா இப்பவே சொல்லிருங்க,” என்றார் அழகன்.

கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேச்சியம்மா பக்கம் திரும்பினார்.

“பேங்குக்கு?”

“அவரு கண்ணு முன்னாலயே கட்டி முடிச்சாச்சு, அண்ணே,” என்றாள் பேச்சியம்மா. அழுகைக்கு நடுவிலும் தலை நிமிர்ந்திருந்தது. “சீட்டு அவரு சட்டைப் பையிலயே வச்சிருக்கேன்.”

சுமன் தரையைப் பார்த்தான்.

“ஆனா, மகனோட மொதலாளிக்கு அறுவதாயிரம் இருக்கு. பொட்டிக்கு வாங்குனது.”

“அம்மா, அத நான்...” என்றான் சுமன்.

“நீ சும்மா இரு. ஒனக்குன்னு ஒரு குடும்பம் ஆகணும்.” பேச்சியம்மா குனிந்து மாயாண்டியின் இரண்டு பாதங்களையும் பிடித்தாள். “நான் ஏத்துக்கறேன். கேட்டுக்கங்க, நானே கட்டுறேன். நீங்க நிக்காம போங்க.”

சொல்லிவிடலாம் என்று சுமன் வாயைத் திறந்தான். சொன்னால், சாகப்போன அப்பனைப் பழைய சீட்டைக் காட்டி ஏமாற்றியதை அந்தப் பிணத்துக்கு முன்னாலேயே சொல்லவேண்டும். ஒரு சத்தம் மட்டும் வந்தது. “அழட்டும், விடுங்க,” என்று யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். பெட்டி எழும்பியது. தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள்.

அடக்கம் முடிந்ததும் சுமன் வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டான். மரணப் பத்திரமெல்லாம் கொடுத்தாலும் இன்சுரன்ஸ் முடிய மூன்று நான்கு மாதமாவது ஆகும் என்றார் மிஸ். அதுவரை, வங்கி திருப்பித் தந்தது என்று அம்மாவிடம் காசைக் கொடுக்கவும் வழியில்லை.

நான்காம் நாள் காலை எழுந்து பார்த்தால் அம்மா இல்லை. அடுத்த மலையில் ஒரு தனியார் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றே கையில் கொடுப்பார்கள். அங்கே போயிருந்தாள். முழங்கால் வலியால் வேலையை விட்டவள்.

மழையில் நனைந்து மாலையில் வந்தாள். நிலக்ஷி கத்தினாள்.

“கருமாதிகூட முடியல. ஊரு என்னம்மா பேசும்?”

“பேசட்டும். வட்டிக்குக் கருமாதி தெரியுமா?”

“மொதலாளி வட்டியெல்லாம் கேக்க மாட்டாரும்மா,” என்றான் சுமன். குரல் அவனுடையதாகவே இல்லை.

“கேக்காதவருக்குத்தான்டா மொதல்ல குடுக்கணும்.” பேச்சியம்மா அடுப்புப் பக்கம் உட்கார்ந்து காலை நீட்டினாள். முழங்கால் வீங்கியிருந்தது. மடியை அவிழ்த்து ஈர நோட்டுகளைப் பிரித்தாள். “நீ நாளைக்குக் கொழும்புக்குப் போறப்ப இதக் குடுத்துரு. மாசாமாசம் குடுக்கறேன்னு சொல்லு. முடிஞ்சா கூடக் கொஞ்சம் சேத்துக் குடுப்போம். வெரசா முடிஞ்சிரும், என்ன?”

நனைந்த நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கொழுந்துக் கறை ஏறிய விரலால் அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டையாக்கி நீட்டினாள்.

சுமன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.