இடப்பக்கத்து ஒலிபெருக்கி

ஞாயிறு பூசை முடிந்து வீடு வந்ததும் செபமாலை மூன்று காரியங்களை முறை பிசகாமல் செய்வார். கோவிலுக்குக் கட்டிப்போன கழுத்துப்பட்டியைக் கழற்றுவார். பால் விடாத தேநீர் ஊற்றுவார். பிறகு இடப்பக்கத்து ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டு இசைத்தட்டைச் சுழலவிடுவார். புலம்பெயர்ந்து வந்த நகரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் இதில் மாற்றமில்லை.

தட்டுகள் யாவும் அறுபதுகளின் ‘சோல்’ பாடல்கள். உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலத்தில், உடன் வேலை செய்த கறுப்பின நண்பர் ஒருவர் பழக்கிவிட்ட இசை. நெஞ்சைத் திறந்து வைத்துப் பாடும் அந்தப் பாடகர்கள் என்றால் அவருக்கு உயிர். அவர்களுக்குப் பின்னால் நின்று ‘ஊ... ஆ...’ என்னும் பெண்களைத்தான் பிடிக்காது. அழுகிறவனைச் சுற்றி நின்று தாளம் போடுவது என்ன நாகரிகம் என்று கேட்பார். அவரிடமிருந்த தட்டுகள் பலவற்றில் பின்குரல்கள் இடப்பக்கத்தில் மட்டுமே ஒலித்தன. வயரைப் பிடுங்கினால் தொல்லை தீர்ந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு நவம்பரில் அந்தப் பழக்கம் வயரைத் தாண்டிச் சற்று நீண்டுவிட்டது. தமிழ்ப் பங்குக் கோவிலின் நத்தார் இறுவட்டுக்கு, அதாவது கிறிஸ்து பிறப்புப் பாடல் சீடிக்கு, குரல்களைக் கணினியில் சேர்க்கும் பொறுப்பு அவருடையது. தனிக்குரலில் பாடியவன் மைக்கல். பதில் பாடியவர்கள் றெஜினாவும் இன்னும் இரு பெண்களும். றெஜினா மூன்று சனிக்கிழமைகள் புறநகரான ரொக்ஸ்பரோவிலிருந்து றெயின்வண்டி ஏறி வந்து, கோவிலின் நிலக்கீழ் அறையில் நின்று பாடினாள். செபமாலை யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெண்குரல்களை முற்றாக நீக்கிவிட்டார். நூறு இறுவட்டுகள் பெட்டியில் தயாராயின.

மறு ஞாயிறு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் றெஜினா வந்து கதவைத் தட்டினாள்.

“சீடி ஒண்டு எடுத்துக்கொண்டு போவம் எண்டு வந்தனான், அண்ணை. மன்னாருக்கு, அக்காவுக்கு அனுப்ப வேணும். பதினெட்டு வருசமா அவ என்ரை பாட்டைக் கேக்கேல்லை.”

“இரும். இந்த இடத்தை ஒருக்காக் கேட்டுப்போட்டுத் தாறன்.”

பாடகர் ஏதோ கேட்பதுபோல் பாடி நிறுத்தினார். மத்தளம் மட்டும் நான்கு அடி நடந்தது. மீண்டும் கேட்டார், மீண்டும் நிறுத்தினார். அந்த இடைவெளியில் செபமாலை எப்போதும் கண்ணை மூடிக்கொள்வார்.

“இவர் ஆரைக் கேட்டுப்போட்டு நிக்கிறார்?” என்றாள் றெஜினா.

“ஒருத்தரையும் இல்லை. அதுதான் தனிமை.”

“நல்ல தனிமை. மன்றாட்டுமாலையிலை சுவாமியார் ஒரு வரி சொல்லிப்போட்டு நிக்க, நாங்கள் பதிலுக்கு வாய் திறக்காட்டி, சுவாமியார் தனிமையிலை நிக்கிறார் எண்டோ சொல்லுவியள்?” அவள் எட்டிப் பார்த்தாள். “அந்த வயர் என்ன, கழண்டு கிடக்கு? செருகிவிடுங்கோ.”

மறுக்க வழியில்லாமல் செபமாலை வயரைச் செருகி, முள்ளைப் பின்னுக்கு எடுத்து வைத்தார். பாடகர் கேட்டார். இடப்பக்கத்திலிருந்து மூன்று பெண்குரல்கள் தாழ்ந்து பதில் சொல்லின, கிணற்றில் விழுந்தவனுக்கு மேலிருந்து இறங்கும் கயிறுபோல. அடுத்த அடியில் பாடகரின் குரல் அந்தக் கயிற்றைப் பற்றி ஏறியது. அந்த ஏற்றத்தை எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறார். எதைப் பற்றி ஏறுகிறது என்று கேட்டதில்லை.

“இனிச் சீடியைத் தாங்கோ,” என்றாள் றெஜினா.

பெட்டி காலடியிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தால் அவள் வீட்டுக்குப் போய்த்தான் அறிவாள். அல்லது மன்னாரில் அக்கா அறிவாள்.

“அதிலை நீங்கள் மூண்டு பேரும் இல்லை,” என்றார். “நான்தான் எடுத்துப்போட்டன்.”

அவள் குளிர்ச்சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.

“கேட்டிருக்கலாம், அண்ணை,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பாடிய குரல்கள் கணினியில் தனித்தனியே அழியாமல் இருந்தன. வாரம் முழுவதும், வேலை முடிந்து வந்தபின், மைக்கல் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் இடங்களைத் தேடித் தேடிப் பெண்குரல்களைத் திரும்ப வைத்தார். தாலாட்டு ஒன்றை மட்டும் தனிக்குரலாகவே விட மனம் கேட்டது. இம்முறை மற்ற இரு பெண்களிடமும் தொலைபேசியில் நடந்ததைச் சொல்லி, சம்மதம் கேட்டார். நூறு இறுவட்டுகளையும் ஒதுக்கிவிட்டு, வீட்டிலேயே புதிதாகப் பதிவுசெய்யத் தொடங்கினார். முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ரொக்ஸ்பரோவுக்கு றெயின் ஏறினார்.

“ஒண்டு உமக்கு, மற்றது அக்காவுக்கு. தாலாட்டிலை மட்டும் மைக்கலைத் தனிய விடலாமோ? வேண்டாம் எண்டால் மாத்திறன்.”

றெஜினா இறுவட்டைப் போட்டுவிட்டு நின்றபடியே கேட்டாள். மைக்கல் பாட்டில் கேட்டான், அவள் குரல் பதில் சொன்னது. தாலாட்டு வந்தபோது கண்ணை மூடி முடிவுவரை கேட்டாள்.

“இது தனியவே இருக்கட்டும். பிள்ளை நித்திரையாகிற நேரம் நாங்கள் என்னத்துக்கு?” என்றாள். பிறகு முதல் பாட்டைத் திரும்பப் போட்டாள். “ஆனா இதிலை எங்கடை சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு, அண்ணை.”

“இருக்கட்டும்,” என்றார் செபமாலை. “அக்கா தூரத்திலை இருக்கிறா.”