பத்தலை

எரிவாயுவுக்குப் பொறுமை அதிகம் என்பார் என் கணவர். காற்றோடு கலந்து சூடான இரும்புக் கலத்தில் அடைத்தாலும் சில நொடிகள் தயங்கித்தான் பற்றும். நைட்ரேட் திரவம் சில சொட்டு சேர்த்தால் தயக்கம் குறையும். எத்தனை சொட்டுக்கு எத்தனை நொடி என்று அளப்பது எங்கள் இருவரின் வேலை. அவர் கலத்தருகே, தடுப்புக்குப் பின்னால். நான் சுவருக்கு இந்தப் பக்கம், சொட்டுக் குழாயின் திருகோடு. பேசிக்கொள்ள ஒரு ஒலிபெருக்கி.

"மகாராணி, சொட்டு விட்டாச்சா?"

"விட்டாச்சு. கொட்டாவி விடாம பாருங்க."

அன்று காலை நான்கு சொட்டு விட்டிருந்தேன். பத்து நொடி ஆகியும் சத்தமில்லை. பிறகு அவர் குரல்: "பத்தலை."

சொட்டு போதவில்லை என்கிறார் என்று நினைத்து, இன்னும் நான்கு விட்டேன். அவர் சொன்னது, தீ பற்றவில்லை என்று. இனி நான் திருகைத் தொடமாட்டேன் என்று நம்பித் தடுப்பைத் தாண்டி, கலத்தின் கண்ணாடிச் சாளரத்தில் முகம் வைத்துப் பார்த்திருக்கிறார்.

கண்ணாடி வெடித்தது பழைய விரிசலால் என்று விசாரணையில் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

"கடைசியா என்னம்மா சொன்னான்?" என்று அவருடைய அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணும் சொல்லலை, அத்தை."

அதன்பின் வீட்டு அடுப்பு தயங்க ஆரம்பித்தது. அத்தை கைக்கு டக்கென்று பற்றும். நான் திருகினால் வாடை மட்டும் வரும்; சரியாகப் பத்தாவது நொடியில் தீ. பழுது பார்க்க வந்தவர் சிரித்தார். "அடுப்பு நல்லாத்தாம்மா இருக்கு. உங்களைத்தான் அதுக்குப் பிடிக்கலை."

நேற்று மதியம் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து, ஒலிபெருக்கியின் கரகரப்போடு, கேட்டது.

"பத்தலை."

என் கை தானாக எழுந்து, இல்லாத திருகைப் பிடித்தது. உதறிவிட்டு ஓடினேன்.

"எது? எது பத்தலைன்னு சொல்லுங்க!"

யாருமில்லை. அடுப்பின் திருகு திறந்து கிடந்தது. வாடை மூக்கை அடைத்தது. மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அத்தை, ஈரப் புடவையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"யார்கிட்ட பேசுற?"

என் முகத்தையே பார்த்தார்.

"கடைசியா என்ன சொன்னான்?"

இம்முறை சொன்னேன். அவர் சொன்ன சொல்லை, நான் கேட்ட அர்த்தத்தை, என் கை செய்ததை.

அத்தையின் கைப் புடவையிலிருந்து நீர் சொட்டியது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.