இரண்டும் இடது கை

அக்கா வெட்டுவாள், நான் தைப்பேன். எங்கள் தையல் கடையில் அதுதான் ஏற்பாடு. கத்தரிக்கோல் பெரியவளுக்கு, வாய் சின்னவளுக்கு என்று வருகிறவர்கள் எல்லாம் கேலி செய்வார்கள்.

அன்றைக்கு, வாடிக்கையாக எங்களிடம் தைக்கும் நர்ஸம்மாவின் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும்போது மெஷினை நிறுத்தினேன். இரண்டும் இடது கை! துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இடதும் வலதும் ஜோடியாக விழும். அக்கா மடிக்காமல், பூப்போட்ட பக்கமே மேலே இருக்க, ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறாள். தொழில் பழக வருகிறவள் செய்கிற தப்பு.

“ஏன்க்கா, நர்ஸம்மாவுக்கு ரெண்டும் இடது கைன்னு யாரு சொன்னா?”

“துணி சரியில்லடி, வழுக்குது.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

அவளும் சிரித்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று மிச்சத் துணியில் வேறு கை வெட்டவைத்துச் சமாளித்தேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் அதே தப்பு. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட ஆரம்பித்தது. நர்ஸம்மா எப்போது வருவார் என்று கேட்பாள். பதில் சொல்லி ஒரு பொத்தான் தைப்பதற்குள் திரும்பவும் கேட்பாள். ஒருநாள் இஸ்திரிப் பெட்டியைச் சூட்டோடு அலமாரியில், தைத்த துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். இன்னொரு நாள் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை என்னடி பண்ணணும்?” என்றாள்.

நர்ஸம்மாவிடம் சொன்னேன். “நாடாவை எங்க வச்சோம்னு யாரும் மறக்கலாம்மா. நாடா எதுக்குன்னே மறந்தா டாக்டர்கிட்ட காட்டிடணும்” என்றார்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். “ஆரம்பத்துலயே கூட்டிட்டு வந்தீங்க, நல்லது.”

“அப்ப சரியாயிடுமா?”

“மருந்து குடுத்தா இந்த மறதி நோய் கொஞ்சம் மெதுவாப் போகலாம். போன ஞாபகம் திரும்பாதும்மா.”

என்ன நல்லது, மண்ணாங்கட்டி! வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

படி இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். “கத்தரிக்கோலைப் புடுங்கிடுவியாடி?”

“உன்கிட்டேருந்து புடுங்க எவளால முடியும்? சும்மா வா.”

“தப்பா வெட்டினா திட்டிடு. நீ திட்டுறதை வச்சுத்தான் இப்பல்லாம் எனக்கே தெரியுது.”

சரி என்றேன். திட்டினேன். அவள் மடித்து, திருத்தி, மறுபடி வெட்டினாள். சில மாதங்கள் அப்படி ஓடின. பிறகு திட்டினாலும் எங்கே தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. கஸ்டமர் துணியைக் கொடுக்க எனக்குத் தைரியம் போய்விட்டது. வீட்டிலிருந்து பூப்போட்ட பழைய திரைச்சீலையைக் கொண்டுவந்து, அவசர வேலை என்று பொய் சொல்லிக் கொடுத்தேன்.

காலை முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் வெட்டினாள். வெட்டிய இரண்டு சட்டைக் கைகளையும் என் மெஷின்மேல் விரித்தாள். “இந்தத் தடவை மடிச்சுத்தான்டி வெட்டினேன். பாரு.”

இரண்டும் இடது கை.

பூட்டே இல்லாத என் வாயில் அன்றைக்குத் திட்டு வரவில்லை. ஐயோ அக்கா, இனி உன்னைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

“நல்லா இருக்குக்கா” என்றேன்.

அவள் துணியைப் பார்த்தாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“திட்டலியேடி” என்றாள்.

பிறகு கத்தரிக்கோலின் பிடி என் பக்கம் இருக்கும்படி திருப்பி, மெதுவாக என்னிடம் நகர்த்தினாள்.