காலி பராவ்

சேலை மாத்தறதுக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்தினது என் தப்பா? தாழ்ப்பாள் விலகிடுச்சு, கதவு அசையலை. மேல நிலைச் சட்டம் சாஞ்சு கதவை அமுக்கிப் பிடிச்சிருந்துச்சு. ஜன்னல்ல கம்பி. வேற வழியே இல்லை.

"ஏனுங்க"ன்னு கத்தினேன். எங்க வீட்டுக்காரர் அருணாச்சலத்துக்குக் கேட்டால்தானே? கான்கிரீட் மிஷின் கடகடன்னு ஓடிட்டிருந்துச்சு. பொண்ணு அகல்யா குடிவர மேல ஒரு மாடி கட்டறோம். இன்னைக்கு அதுக்குக் கூரை போடறாங்க.

போன வாரமே சுவத்துல வெடிப்பைக் காட்டினேன். "புது வீடுன்னா அப்படித்தான்"னு பூசி மறைச்சாரு. அந்தப் பூச்சும் இப்பப் பிளந்து என் விரல் உள்ள போகுது. 

ஆபீஸ்ல இருந்த அகல்யாவுக்குப் போன் போட்டு வெடிப்பைச் சொன்னேன்.

"அஸ்திவாரம் தோண்டறப்போ மராத்தி இன்ஜினியர் வந்தாரே, என்னம்மா சொன்னாரு?"

"காலி பராவ்னாரு. காலி மனை, பரவால்லைங்கறாருன்னு உங்கப்பா சொன்னாரு. கோயமுத்தூர்லருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்ததும் மராத்தியைக் கரைச்சுக் குடிச்சவராச்சே."

அவ மெதுவாச் சொன்னா. "அம்மா, மராத்தில காலின்னா கீழே. பராவ்னா மண்ணு கொட்டி நிரப்பின இடம். கெட்டித் தரை வரைக்கும் தோண்டியிருக்கணும். இன்னும் பாரம் ஏத்தினா வீடு உக்காந்துரும். மேல வேலையை நிறுத்தச் சொல்லு."

யார்கிட்டச் சொல்றது? சொம்பை எடுத்து ஜன்னல் கம்பியில அடிச்சேன், கை மரத்துப் போற வரைக்கும் அடிச்சேன். ஒருவழியா மனுசன் வந்தாரு.

"கதவுதானே மல்லிகா? ஆசாரி வருவான். கலவை இறுகிரும், முதல்ல கூரையை முடிச்சுக்கறேன்."

"உங்க கலவையில இடி விழ. அந்தப் பாரம் என் தலைமேலதான் இறங்குது."

போனைக் கம்பி வழியா அவர் காதுல வெச்சேன். பொண்ணு மறுபடி அர்த்தம் சொன்னா. அவர் மூஞ்சி செத்துப்போச்சு. ஓடிப்போய் மிஷினை நிறுத்தினாரு.

ஆசாரி கதவை அறுத்து என்னை வெளிய எடுத்தாரு. இன்ஜினியர் போன்ல, இனி யாரும் உள்ள போகாதீங்கன்னுட்டாராம். கட்டின சேலையோட ரோட்டுல நின்னேன்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு என் கையைப் பிடிச்சாரு.

"உங்க மராத்தில சொன்னா, பராவ்"ன்னேன்.

அவர் தலை நிமிரவே இல்லை.